ஒற்றைக் கம்பியும் அப்பாவின் லேத்தும்

பட்டறைத் தொழிலில் எந்த இரும்பையும் சூடு காட்டி வளைத்துவிடலாம். வளையாத இரும்பு ஒன்றே ஒன்றுதான், அது மின்சார ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

அநியாயத்துக்கு ஆளானவர் என் அப்பா ஞானமுத்து. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சந்தில் சொந்தமாகப் பட்டறை போட்டவர். நடந்த அநியாயம் இது: அவருடைய கூரைக்கு மேலேயே ஓடுகிற மின்சாரத்தை அவருக்குத் தர முடியாது என்றார்கள். நான் சிங்கப்பூரில் கல்லூரியில் பௌதிகம் படிப்பவள். நீண்ட விடுமுறைக்கு வந்தவளைச் சமையலுக்கு ஒத்தாசை செய்யச் சொன்னார் அம்மா. நான் பட்டறைக்குப் போய்விட்டேன். ஏதாவது ஓர் ஆபீஸ் கவுண்டரில் "நாளைக்கு வா" என்று கேட்டுவிட்டு வயிறு எரியத் திரும்பியிருக்கிற வாசகர்களே, நாம் ஒரே ஜாதி. கேளுங்கள்.

தலைக்கு மேலே மூன்று கம்பி

சாலாக் செலாத்தானில் ஓர் ஈயச் சுரங்கத்தை மூடி, சாமான்களை ஏலம் விட்டார்கள். ரயில்வே கொடுத்தனுப்பிய பணத்தை எல்லாம் போட்டு அப்பா அங்கே இரும்பு கடையும் லேத் ஒன்றை எடுத்தார். அதை ஓட்டும் மோட்டாருக்கு மூன்று கம்பி மின்சாரம் வேண்டும். ஆபீஸில் அதற்கு த்ரீ ஃபேஸ் என்று பெயர். எங்கள் சந்துக்கு வருவதோ விளக்கெரிக்கும் ஒற்றைக் கம்பி. போன மின்சாரம் திரும்பி வருகிற கம்பி ஒன்று கூடவே இருந்தாலும் அதை இங்கே யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சரி, மூன்று கம்பி ஊரிலேயே இல்லையா என்றால், இருக்கிறது. சந்து முனையில் இருக்கும் விலாயத்துக் கார் கம்பெனிக்கு மூன்று கம்பியும் எங்கள் கூரையைத் தாண்டித்தான் போகின்றன. அதில் காக்கைகள் உட்காரலாம். எங்கள் அப்பா மட்டும் தொடக் கூடாது.

அப்பா ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் நானும் கூடப் போனேன். கவுண்டரில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியார் தமிழர்தான், எங்கள் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறவர். ஆபீஸில் அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. "கம்பி எங்கள் வீட்டு மேலேதானே போகிறது, நாலு முழம் கீழே இறக்கினால் போதுமே" என்று நான் இங்கிலீஷில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், அப்பாவைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னார்: "ஒருத்தருக்காக எல்லாம் லைன் இழுக்க முடியாதுங்க. சந்துல இன்னும் நாலு பேரு பட்டறை வைக்கட்டும், அப்புறம் வாங்க."

பம்பரக் கயிறு

இல்லாத நாலு பட்டறைக்காரர்கள் பிறந்து வளர்ந்து வரும்வரை லேத்தை மூடி வைக்க முடியுமா? ஒற்றைக் கம்பியிலேயே மோட்டார் வைக்க ஆபீஸில் அனுமதி வாங்கி, அதன் உள் இணைப்பைப் பிரித்து, வீட்டு மின்சாரத்துக்கு ஒத்துப்போகும்படி அப்பாவும் மாணிக்கம் அண்ணனும் மாற்றிக் கட்டினார்கள். மாணிக்கம் அண்ணன் எங்கள் லேத்துக்காரர். ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் "உம்ம்" என்று முனகியதே தவிர அசையவில்லை. காரணம் எளிது. மூன்று கம்பியும் முறை வைத்துத் தள்ளினால்தான் அது தானாகக் கிளம்பும். ஒற்றைக் கம்பி அதை முன்னும் பின்னும் உலுக்கும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் போவதென்று சொல்லாது. யாராவது ஒருதரம் சுற்றிவிட்டால் அதே பக்கம் பிடித்துக்கொண்டு ஓடும்.

ஆகவே மாணிக்கம் அண்ணன் கப்பியில் பம்பரத்துக்குச் சுற்றுவதுபோல் கயிற்றைச் சுற்றி, காலை உந்தி இழுப்பார். அது சுழலத் தொடங்கியதும் அப்பா ஸ்விட்சைப் போடுவார். பிறகு பெல்ட்டை நகர்த்தி லேத்தை ஓடவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் இந்தக் கூத்து. தலைக்கு மேலே மின்சாரம் ஓடுகிறது, கீழே ஒரு மனிதர் கயிறு இழுக்கிறார்! பந்திங் பக்கம் பஸ் ஓட்டும் சுப்பையா அண்ணன் ஒரு ஆக்சில் கடையக் கொண்டுவந்தவர், இதை வாய் பிளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கரண்ட்டு எதுக்கு ஞானமுத்து? ஒரு மாட்டைக் கட்டிடுலா, சாணியாச்சும் மிஞ்சும்."

எந்தப் பக்கமும் ஓடும்

இழுத்து இழுத்து மாணிக்கம் அண்ணனுக்கு வலது தோள் வீங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் தைலம் பூசிக்கொண்டு வந்தவர், இடது கையால் இழுக்கலாம் என்று மறுபக்கம் போய் நின்று கயிற்றைச் சுற்றி இழுத்தார். மோட்டார் மறுப்பே சொல்லவில்லை. நேர்ப்பக்கம் ஓடியதுபோலவே தலைகீழாகவும் ஜோராக ஓடியது. அப்பாவும் கவனிக்கவில்லை. பெல்ட்டை நகர்த்தினார். லேத் பின்பக்கமாகத் துள்ளியது. வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கிற கனத்த சக், மரை கழன்று கீழே விழுந்து, வாசல் வழியாக உருண்டு, எதிரே இருக்கும் வேலு அண்ணன் முடிவெட்டும் கடைப் படியில் மோதி நின்றது.

யார் காலிலும் விழவில்லை, ஆண்டவருக்கு நன்றி. ஆனால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று கம்பி இருந்தால் மோட்டாருக்குத் தன் பக்கம் எது என்று தெரிந்திருக்கும். ஒரு மனிதரின் தோளும் இன்னொருவரின் காலும் போக இருந்தது எதனால்? கவுண்டரில் நாலு பட்டறைக்குக் காத்திருக்கிறார்களே, அதனால்! நான் இதையெல்லாம் சந்தில் நின்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலு அண்ணன் பாதி சவரம் செய்த ஆளை அப்படியே விட்டுவிட்டு, கத்தியோடு வெளியே வந்து சக்கைக் குனிந்து பார்த்தார். "இழுத்த பக்கமெல்லாம் போகுதே, இது மோட்டாரா, எங்க வீட்டு மாப்பிள்ளையா?"

வாங்க, நம்ம ஆளா இருங்க

கயிறு இழுத்தாவது காலம் தள்ளலாம் என்றால், அதுவும் நடக்கவில்லை. ஒற்றைக் கம்பியில் ஓடும் மோட்டாருக்குப் பாதி பலம்தான். இரும்பைக் கொஞ்சம் ஆழமாகச் சீவினால் மூச்சு வாங்கி நின்றுவிடும், கை வைக்க முடியாதபடி சுடும். மயிரிழை மயிரிழையாகச் சீவி ஒரு ஷாப்ட்டை முடிப்பதற்குள் வாடிக்கைக்காரர் வேறு இடம் போய்விடுவார். பெரிய வேலைகள் ஒவ்வொன்றாகச் சந்து முனையில் இருக்கும் கார் கம்பெனிக்குப் போயின.

அந்தக் கம்பெனி ஃபோர்மேன் ஒரு நாள் எங்கள் பட்டறைக்குள் வந்தார். லேத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தடவிக்கூடப் பார்த்தார். நல்ல லேத் என்று அவருக்குத் தெரியும். அப்பா நல்ல வேலைக்காரர் என்பதும் தெரியும். ரயில்வேயில் எத்தனையோ வருஷம் இன்னொருவர் விசிலுக்கு எழுந்து உட்கார்ந்த அப்பா, வாசலில் தன் பெயரைத் தானே வர்ணம் தீட்டி மாட்டியிருந்தார். ஃபோர்மேன் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பட்டறைத் தமிழும் மலாயும் கலந்து சொன்னார். நான் சுத்தமாக எழுதித் தருகிறேன்: "உங்கிட்ட மிஷின் இருக்கு, எங்கிட்ட கம்பி இருக்கு. மிஷினை எங்களுக்கே கொடுத்திட்டு நீயும் கூடவே வந்திடு. மாசக் கடைசிக்குள்ள சொல்லு, அப்புறம் நான் கேட்க மாட்டேன்."

சும்மா சுற்றும் மோட்டார்

அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிறாரா, கழற்றப் பார்க்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதே ஏலத்தில் யாரும் எடுக்காததால் லேத்தோடு தள்ளிவிட்ட ஒரு பெரிய பம்பு மோட்டார் பின்கட்டில் கிடந்தது. அதன் மறைவில் எங்கள் கோழி முட்டையிட்டு வந்தது. "அப்பா, அதை ஓடவிடுங்கள்" என்றேன். "எதை ஓட்ட?" என்றார். "எதையும் ஓட்ட வேண்டாம். சும்மா சுற்றட்டும்." கல்லூரியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன சங்கதி இது. மூன்று கம்பி மோட்டாரைக் கயிறு இழுத்து ஒற்றைக் கம்பியில் சுற்றவிட்டால், போகிற கம்பிக்கும் திரும்புகிற கம்பிக்கும் போக வெறுமையாக இருக்கும் அதன் மூன்றாவது முனையில் மூன்றாவது கம்பியின் மின்சாரம் தானாகவே உண்டாகும். அதை லேத் மோட்டாருக்குக் கொடுத்தால் அது மூன்று கம்பியும் கிடைத்ததாக நினைத்துக்கொள்ளும்.

"வேலை செய்யாத மோட்டாருக்குச் சோறு போடச் சொல்றே" என்றார் அப்பா. "நம் வீட்டில் மாமா இல்லையா?" என்றேன். அம்மா உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லி அதட்டினார். அம்மாவின் தம்பியைச் சொன்னேன்.

ஒரு முழுப் பகல் விவாதத்துக்குப் பிறகு கோழியை விரட்டினோம். பெரிய மோட்டாரை மாணிக்கம் அண்ணன் காலையில் ஒரே ஒருதரம் இழுத்துவிட்டார், இந்தத் தடவை சரியான பக்கத்தில் நின்று. அது உறுமிக்கொண்டு சுற்றியது. அப்பா லேத் மோட்டாரின் ஸ்விட்சைப் போட்டார். கயிறு இல்லை, உலுக்கல் இல்லை. லேத் தானே எழுந்து ஓடியது! சுப்பையா அண்ணனின் ஆக்சிலை அப்பா சீவினபோது இரும்புச் சுருள் கெட்டியாக, நீளமாக வந்து விழுந்தது. எடுத்துப் போக வந்த சுப்பையா அண்ணன் ஆக்சிலை விரலால் தடவி மெச்சினார். யார் யோசனை என்று கேட்டார். அப்பா "பட்டறையில யோசிச்சதுதான்" என்று எங்கோ பார்த்தார். "என் யோசனை" என்றேன் நான். சுப்பையா அண்ணன் ஆக்சிலை மெல்லக் கீழே வைத்தார். "வேலை நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா அப்பா யோசனைன்னே வெளிய சொல்லு, பஸ்ஸுல ஏர்றவங்க பயப்படுவாங்க."

ஜெபக்கூட்டத்தில் இருட்டு

பெரிய மோட்டார் கிளம்பும்போது ஒரு மூச்சு மின்சாரத்தை இழுக்கும். சந்து முழுவதற்கும் அதே ஒற்றைக் கம்பிதான். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு மங்கிச் சிவந்து, பிறகு மெல்லத் தெளியும். வேலு அண்ணன் கடையின் மின்விசிறி சோர்ந்து நிற்கும். ஒரு நாள் சாயங்காலம் மோட்டாரை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டி வந்தது. அடுத்த வீட்டு மரியம்மா அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். அன்று பிரசங்கம் நரகத்தைப் பற்றி. சரியாக அந்த இடத்தில் விளக்கு சிவந்து மங்கியது. மன்னிப்புக் கேட்கப் போன என்னை மரியம்மா அக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "அப்பாவைக் கோவிச்சுக்காதே. கடங்காரன் என் வீட்டுக்காரரே எழுந்திரிச்சு இனிமே கள்ளு குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. அடுத்த வாரமும் அந்த நேரத்துக்குப் போடச் சொல்லு."

சொந்த அப்பா மேலே புகார்

மரியம்மா அக்காவுக்கு நரகம் உதவியது. எனக்கு மங்கிய விளக்கு உதவியது. சந்தே மங்குகிறதென்றால் அது ஒருத்தர் விஷயமா? "ஒருத்தருக்காக லைன் இழுக்க முடியாது" என்றுதானே சொன்னார் கிராணியார்? நான் வீடு வீடாகப் போனேன். "எங்கள் அப்பா மேலே மின்சார ஆபீஸில் போய்ப் புகார் சொல்லுங்கள்" என்றேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். வேலு அண்ணன், "அவரு எனக்கு அண்ணன் மாதிரி, மாட்டேன்" என்றார். "விளக்கு மங்குகிறதா இல்லையா? விசிறி நிற்கிறதா இல்லையா? உள்ளதைச் சொல்லுங்கள், ஒரு சொல் கூட்ட வேண்டாம்" என்றேன். அரை நாள் வாதாடினேன். கடைசியில் என் வாயை அடைக்கவே ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன். அவர் போனார், மரியம்மா அக்கா போனார், பின்னால் சந்தே போனது. கவுண்டரில் நிற்க இடமில்லையாம்.

பாருங்கள் அக்கிரமத்தை! அப்பா கேட்டுக் கேட்டுக் கால் தேய்ந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள், அப்பா மேலே புகார் என்றதும் ஆபீஸின் வெள்ளைக்காரத் துரையே நேரில் வருகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். செய்தி வந்ததும் அப்பா கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்தினார். மாசக் கடைசி நெருங்கிவிட்டது. ஃபோர்மேன் பதிலுக்குக் காத்திருக்கிறார். துரை வந்து சந்துக் கம்பியை அறுத்துவிட்டால் லேத்தும் போகும், பலகையும் போகும். நான் சொன்ன நியாயம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மாணிக்கம் அண்ணனிடம் திரும்பினார்: "இருக்கிற ஒரு கம்பியையும் பிடுங்கப் போறாங்க. ஊரைக் கூட்டி என் மேல புகார் சொல்ல வச்சது யாரு தெரியுமா? நான் பெத்தது!"

பதில்

துரை வெள்ளைத் தொப்பியோடு வந்தார். பின்னால் கிராணியார். சந்து ஜனங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். துரை லேத்தைப் பார்த்தார், பிறகு பின்கட்டில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரைப் பார்த்தார். அதில் பெல்ட்டும் இல்லை, எந்த இயந்திரமும் இல்லை. பக்கத்தில் கோழி மட்டும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

"இந்த மோட்டார் என்ன வேலை செய்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நீங்கள் தர மறுத்த கம்பியைத் தயாரிக்கிறது" என்றேன்.

கிராணியார் இருமினார். துரை குனிந்து கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் மாறியிருந்தது. "இது யார் யோசனை?"

நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா சுப்பையா அண்ணனிடம் எங்கோ பார்த்தது எனக்கு மறக்கவில்லை. இப்போதும் அப்படியே பார்ப்பார் என்று நினைத்தேன். அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: "மை டாட்டர், சார்." வேலு அண்ணனும் மரியம்மா அக்காவும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"புத்திசாலித்தனம்தான். ஆனால் சந்து முழுக்கப் புகார். இந்த இணைப்பை நான் துண்டித்தாக வேண்டும்" என்றார் துரை.

அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. "எதற்காகத் துண்டிப்பீர்கள்? மோட்டார் வைக்க அனுமதி தந்தது உங்கள் ஆபீஸ். விளக்கு மங்குவது எங்கள் அப்பா குற்றமா? ஒரு மனிதர் குடிக்க வேண்டிய ஓடையில் ஊரையே குடிக்கச் சொன்னவர்கள் குற்றமா? மேலே பாருங்கள். உங்கள் மூன்று கம்பியும் எங்கள் கூரை மேலே போகின்றன. கார் கம்பெனியும் ஒருத்தர்தானே, அவர்களுக்கு இழுத்தீர்களே! இன்னும் நாலு பேர் வேண்டுமென்று இவர் சொன்னார்." கிராணியாரைக் காட்டினேன். "நாலு பேரல்ல, சந்தே நிற்கிறது. அப்பாவுக்கு மூன்று கம்பி கொடுங்கள், அந்த மோட்டாரை இன்றே நிறுத்துகிறோம். பிறகு எந்த விளக்காவது மங்கினால் எங்கள் கம்பியை அறுத்துவிடுங்கள்."

"நாலு பேருன்னு நான் சொல்லவே இல்லை" என்றார் கிராணியார், இந்தத் தடவை என்னைப் பார்த்து.

"சொன்னீங்க" என்றார் அப்பா. "சர்ச்சுல கேட்டாலும் சொல்லுவேன், சொன்னீங்க."

துரை வாசலில் நின்றவர்களைக் கேட்டார்: அந்தப் பெரிய மோட்டார் நின்றுவிட்டால் யாருக்காவது புகார் உண்டா? கிராணியார் தமிழில் சொன்னார். யாருக்கும் இல்லை. மரியம்மா அக்கா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேலு அண்ணன் அவர் பக்கம் பார்த்துக் கண்ணை உருட்டினார். துரை தொப்பியைக் கழற்றி, கூரைக்கு மேலே போகிற கம்பிகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கிராணியாரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காருக்கு நடந்தார்.

கிராணியார் அப்பாவின் பக்கம் வந்தார். ஆபீஸில் தெரியாத எங்களை இப்போது நன்றாகத் தெரிந்தது அவருக்கு.

"ஞானமுத்து அண்ணே, மூணு கம்பியும் தர்றாராம், இந்த வாரமே ஆளு வருவாங்க. ஒரே ஒரு கண்டிசன்தான்: லீவு முடியட்டும்னு காத்திருக்க வேணாம், பாப்பாவை நாளைக்கே சிங்கப்பூருக்கு ரயில் ஏத்திடச் சொல்றாரு."